புதுப்பிப்பு: பாட்டு டேஷ்போர்டின் நடுவுக்கு வந்துவிட்டது

என் காரில் பாட்டு முழுக்க வலது கதவிலிருந்தே வருகிறது, பேஸ் என்னும் கனத்த ஒலி மட்டும் டிக்கியில் தனியாக உறுமுகிறது என்று போன பதிவில் எழுதியிருந்தேனுங்க. இரண்டும் சரியாகிவிட்டன.

ஓட்டும் சீட்டில் உட்கார்ந்து டேப் பிடித்தால், வலது ஸ்பீக்கரைவிட இடது சுமார் 50 செ.மீ. தள்ளி இருக்கிறது. ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறக்குறைய 34 செ.மீ. போகும். இரண்டும் ஒன்றாகக் காதுக்கு வரும்படி, டிஎஸ்பியில் (ஒலியைத் திருத்தும் கருவி) வலதுக்கு 1.5 மில்லிசெகண்ட் தாமதம் கொடுத்ததும் குரல் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த நொடி, அப்படியொரு சந்தோஷம்!

டிக்கியில் இருக்கும் பேஸ் ஸ்பீக்கரான சப்வூஃபரை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை மட்டும் பாடும்படி வெட்டி, அதன் ஃபேஸை (ஒலி அலையின் ஏற்ற இறக்கத்தை) தலைகீழாகத் திருப்பிப் போட்டேன். கொங்கு நாட்டுக் கிராமிய ஆட்டமான பெருஞ்சலங்கை ஆட்டப் பதிவில் மேள அடி இப்போது முன்னாலிருந்தே விழுகிறது, சலங்கை தனியாகக் கேட்கிறது. கோவைக்குப் பக்கத்துக் கிணத்துக்கடவில் அடிக்கும் காற்றிலும் கேட்கிறது.

ஆக்சிலரேட்டர் மிதித்தால் ஏறும் கீச்சொலிதான் பாக்கி. அதற்கு ஆம்ப்பின் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) எர்த் வயரை, பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில் இறுக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.