மறுமொழி: ஃபால்ஸ் நியூட்ரலுக்குத் தமிழ் – ‘அந்தரம்’ போதாதா?

வணக்கம். மோட்டார் சைக்கிள் கியர்ப்பெட்டிச் சொற்களுக்கு இங்கே ஒருவர் முன்வைத்த தமிழ் பற்றி என் கருத்து இது.

> ஃபால்ஸ் நியூட்ரல் – போலி நடுநிலை. செலெக்டர் ஃபோர்க் – தெரிவு முட்கரண்டி. டாக் – நாய்ப்பல்.

முட்கரண்டியால் நாங்கள் இடியப்பம்கூடச் சாப்பிடுவதில்லை, கியர்ப்பெட்டிக்குள் அதற்கு என்ன வேலை? நாய்ப்பல் என்றால் பல் வைத்தியரிடம்தான் போக வேண்டும். சரி, அவை பிறகு. எனக்கு இடிப்பது முதலாவது சொல்: ஃபால்ஸ் நியூட்ரல், அதாவது கியர் மாற்றும்போது எதிலும் மாட்டாமல் இரண்டு கியருக்கு நடுவில் நின்றுவிடுவது.

என்னிடம் ஒரு பி.எஸ்.ஏ. பேண்டம் டி1 மோட்டார் சைக்கிள் இருக்கிறது. 123 சி.சி., மூன்றே கியர். தோட்டத்துச் சின்னத்துரை ஒருவர் ஓட்டி, அப்பா கைக்கு வந்து, இப்போது எனக்கு. ஜெர்மன்காரரின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி.125 எஞ்சினைக் கண்ணாடியில் பார்த்தது போல இடம் வலம் மாற்றிச் செய்தது இது, ஆகவே கியர் மிதி வலது காலில். இரவல் கேட்பவர்கள் இடது காலால் கியர் போடப்போய் பிரேக்கை மிதிப்பார்கள். அதனாலேயே யாருக்கும் கொடுப்பதில்லை.

போன மழைக்காலத்தில், இங்கே இலங்கை மலையகத்தில், நானுஓயாவிலிருந்து ரதெல்ல குறுக்கு வீதியால் தலவாக்கலைப் பக்கம் இறங்கினேன். அந்த இறக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு மிதித்தேன். வழக்கமான ‘டொக்’ வரவில்லை. கிளட்ச்சை விட்டால் எஞ்சின் சும்மா கிடக்கிறது, வண்டி மட்டும் கட்டவிழ்த்த மாடு மாதிரி ஓடுகிறது. இரண்டு பிரேக்கையும் பிடித்து, தேயிலை மேட்டோரமாக ஒருவழியாக நிறுத்தினேன். பிரேக் டிரம்மில் மழைத்துளி பட்டு ‘சுர்’ என்றது.

கராஜில் பாஸ் (மெக்கானிக்கை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) முதலில் கிளட்ச் கேபிளைச் சரிபார்த்தார், எண்ணெய் மாற்றினார். பிறகும் அதே கதை. இருந்த இடத்திலேயே மிதியை மெல்ல அழுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டுலயும் இல்ல, மூணுலயும் இல்ல தம்பி. அந்தரத்துல நிக்கிது.”

இதைவிடச் சரியான விளக்கம் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிள் பெட்டியில் பொதுவாகப் பற்சில்லுகள் எப்போதும் ஒன்றையொன்று கடித்தபடிதான் சுழலும். ஆனால் சில, தண்டின் மேல் சும்மா சுற்றும். ஒரு சில்லு பக்கவாட்டில் நகர்ந்து, அதன் தடித்த முனைகள் (‘டாக்’ என்பது இவைதான்) அடுத்த சில்லோடு மாட்டினால்தான் இழுவை பின்சக்கரத்துக்குப் போகும். நியூட்ரல் என்பது ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் வேண்டுமென்றே வைத்த இடம். ஸ்பிரிங் தள்ளும் குமிழ் போய் உட்கார அங்கே ஒரு குழி உண்டு. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் அப்படி எதுவும் இல்லை. ஒன்றிலிருந்து கழன்ற சில்லு மற்றதில் மாட்டாமல் பாதி வழியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். போலி நோட்டு என்றால் நோட்டு மாதிரி ஒன்றை யாரோ அடித்திருக்க வேண்டும். இங்கே யாரும் எதையும் அடிக்கவில்லை.

> கியர் தெறிப்பதையும் இதே சொல்லில் அடக்கிவிடலாமே?

கூடாது. தெறிப்பது வேறு: கியர் மாட்டிய பிறகு, ஏற்றத்தில் எஞ்சின் பாரம் இழுக்கும்போது, தானாகக் கழன்று வருவது. முனைகளின் ஓரம் தேய்ந்து உருண்டு போயிருந்தால் அப்படி நடக்கும். அந்தரமோ மாட்டவே இல்லை. கிளட்ச், குமிழின் ஸ்பிரிங், அரைகுறையாக மிதிக்கும் கால் என்று வெளியிலிருந்தே தேடத் தொடங்கலாம். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால், கால் சரியில்லாதவன் வண்டியும் பிரிபடும்.

என் வண்டியைப் பிரிக்கத்தான் வேண்டியிருந்தது. சில்லைப் பக்கவாட்டில் தள்ளும் கவட்டையின் (செலெக்டர் ஃபோர்க்) ஒரு விரல் தேய்ந்து, பள்ளத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஆட்டம். மிதி முழுதாக இறங்கினாலும் சில்லு முழுதாக நகராது. பாஸ் அதில் பித்தளை பற்றவைத்து, அரம் போட்டு, போட்டுப் போட்டுப் பார்த்துச் சேர்த்தார். ஆம், அவர் அதைக் கவட்டை என்றுதான் சொல்கிறார், கவண் செய்ய வெட்டும் கவட்டை. முட்கரண்டிக்கு இதுவே என் பதில்.

யாழ்ப்பாண நண்பர்கள் ‘அந்தரம்’ என்றால் அவசரம், தவிப்பு என்பார்கள் என்று தெரியும். ரதெல்லயில் எனக்கு அந்தப் பொருளும் பொருந்தித்தான் இருந்தது. குழப்பம் வரும் என்றால் ‘கியர் அந்தரம்’ என்று எழுதலாம். ‘இரண்டு–மூன்று அந்தரம்’ என்றால் எந்த இடத்தில் என்பதும் விளங்கும். ‘போலி நடுநிலை’யை அப்படி எண்ணோடு சொல்லிப் பாருங்கள்.

நாய்ப்பல்லுக்கு மட்டும் என்னிடம் முடிவு இல்லை. எங்கள் பக்கம் ‘மாட்டுப்பல்’ என்று எழுதினால் நாயை விட்டு மாட்டைப் பிடித்த கதையாகிவிடும். ‘கொளுவுபல்’ எப்படி? வடக்கு, கிழக்கில் இருப்பவர்கள் அங்குள்ள பாஸ்மாரிடம் கேட்டு எழுதுங்கள்.