அவள் ஏன் அடிக்கிறாள் என்று கேட்டார்கள்

வார இதழ் ஒன்றுக்கு ஒரு க்ரைம் தொடர் எழுதிக் கொடுத்திருந்தேன். நாயகி போலீஸ் இன்ஸ்பெக்டர். முதல் அத்தியாயத்திலேயே படகில் ஏறி மூன்று கடத்தல்காரர்களைப் புரட்டி எடுத்துவிடுவாள். உதவி ஆசிரியர் போன் செய்தார். "நல்லா வந்திருக்குங்க. ஆனா இந்தப் பொண்ணு ஏன் இவ்வளவு ஆவேசமா அடிக்குது? அப்பாவைக் கொன்னுட்டாங்க, அக்காவைக் கெடுத்துட்டாங்க, அந்த மாதிரி ஒரு ஃப்ளாஷ்பேக் வைங்களேன்."

"அது அவங்க வேலை சார்" என்றேன். அவருக்கு அது போதவில்லை. அதற்கு முன்பு அதே இதழில் வந்த என் ஆண் துப்பறிவாளர் அத்தியாயத்துக்கு ஒருவனை அடிப்பார். அவர் அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று ஒருவரும் விசாரித்ததில்லை.

ஹாலிவுட்டிலும் இதே சங்கதிதான். 2010இல் வந்த 'சால்ட்' முதலில் ஆண் உளவாளிக்காக எழுதப்பட்ட கதை, டாம் க்ரூஸிடம் பேச்சு நடந்தது. அப்புறம் ஏஞ்சலினா ஜோலி வந்தார், எட்வின் சால்ட் எவலின் சால்ட் ஆனார். பழைய திரைக்கதையில் நாயகன் தன் மனைவியைக் காப்பாற்றுவதாக ஒரு பெரிய காட்சி உண்டு. மனைவி போய்க் கணவனைக் காப்பாற்றினால் அந்த ஆளின் ஆண்மை குறைந்துவிடுமாம்! படத்தில் கணவனை அவள் கண்ணெதிரே கொன்றுவிடுகிறார்கள். காப்பாற்றப்படுவதைவிடச் செத்துப்போவது கௌரவம் போலிருக்கிறது.

1979இல் வந்த 'ஏலியன்' இதற்கு நேர் எதிர். எந்தப் பாத்திரத்தையும் ஆணோ பெண்ணோ நடிக்கலாம் என்று குறிப்பிட்டே அந்தத் திரைக்கதை எழுதப்பட்டது. அதனால்தானோ என்னவோ, நாயகி ரிப்ளி அழுகைக் கதை எதுவும் சொல்லாமல் பிழைக்கப் போராடுகிறாள். 1986இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவள் கையில் ஒரு சிறுமியைக் கொடுத்துத் தாயாக்கிவிட்டார்கள். படம் எனக்கும் பிடிக்கும், அது வேறு விஷயம்.

———

இதைப் படித்த வாசகர்கள் எழுதியவை:

நான் காமிக்ஸ் பைத்தியம். கல்லூரி விடுதியில் இருந்தபோது 'கிரீன் லான்டர்ன்' 54ஆம் இதழ் (1994) கைக்குக் கிடைத்தது. நாயகன் வீட்டுக்கு வருகிறான், காதலியைக் கொன்று குளிர்சாதனப் பெட்டிக்குள் திணித்து வைத்திருக்கிறார்கள். அப்போது எனக்கு அவனுடைய கோபம்தான் உறைத்தது. அந்தப் பெண்ணின் பெயர்கூட மனதில் நிற்கவில்லை. 1999இல், பின்னாளில் காமிக்ஸ் எழுத்தாளரான கெய்ல் சிமோன் இப்படிச் சாகடிக்கப்பட்ட, முடமாக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியல் போட்டு, அந்தப் பெட்டியின் பெயரையே அதற்கு வைத்தார். மேலே கட்டுரை எழுதிய அக்கா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன்: ஆணுக்கும் காரணம் தருகிறார்கள், ஆனால் அதற்கு ஒரு பெண் சாக வேண்டும்.

———

'ஜுராசிக் வேர்ல்ட்' (2015) பார்த்துவிட்டு வந்ததும் என் மகள் கேட்ட ஒரே கேள்வி: "டைனோசர் துரத்தும்போது அந்த ஆன்ட்டி ஏன்மா ஹீல்ஸைக் கழற்றவே இல்லை?"

———

எங்கள் குடியிருப்பு ஆண்டு விழாவுக்கு நான் எழுதிய நாடகத்தில் கடத்தப்பட்ட கணவனை மனைவி மீட்டு வருவாள். சீரியஸான காட்சி. ஒத்திகையில் கட்டிப்போட்ட கணவனைப் பார்த்ததும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மனைவி கட்டப்பட்டிருந்தால் சிரித்திருப்பார்களா? கணவனாக நடித்த நண்பர் மறுநாள் வரவில்லை. போன் செய்தால், "எனக்கும் ரெண்டு அடி அடிக்கிற மாதிரி வைப்பா, பசங்க பார்ப்பாங்க" என்கிறார். சரி என்று கடைசியில் அவருக்கு இரண்டு குத்து சேர்த்தேன். அப்புறம் ஒத்திகைக்கு ஒழுங்காக வந்தார்.