ரூட் நிறைஞ்சிருச்சா? பார்ட்டிஷன்ல கை வைக்கறதுக்கு முன்னாடி

லினக்ஸ் கம்ப்யூட்டர்ல ரூட்னா சிஸ்டம் இருக்கற முக்கியப் பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்ல பிரிச்சு வெச்ச ஒரு பகுதி. அது நிறைஞ்சா என்ன பண்றதுன்னு நாலு ஊர்க்காரங்க சொல்றாங்க.

கொழிஞ்சாம்பாறை:
லேப் மெஷின்ல பாஸ்வேர்டு சரியா அடிச்சும் லாகின் திரையே திரும்பத் திரும்ப வந்து நிக்குதா? பல நேரம் டிஸ்க்ல இடமில்லாததுதான் காரணம். கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தினா கருப்புத் திரை வரும். அதுல உள்ளே போய் 'டிஎஃப் -எச்' அடிங்க. ரூட் 100%னு காட்டினா 'சுடூ ஏபிடி கிளீன்', அடுத்து 'சுடூ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்'. ஜர்னலை (சிஸ்டம் நடந்ததை எழுதி வைக்கற லாக்) அதன் போக்குல விட்டா பார்ட்டிஷன்ல 10% வரைக்கும், அதிகபட்சம் 4 ஜிபி பிடிச்சுக்கும்.

குமுளி:
6 ஜிபி காலி இருக்கும், ஆனா இடமில்லைன்னு பிழை வரும். அப்ப 'டிஎஃப் -ஐ' பாருங்க, ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒண்ணு வேணுங்கற பதிவு இடம்) தீர்ந்திருக்கும். எக்ஸ்ட்4-ங்கற ஃபைல் சிஸ்டத்துல (ஃபைல்களை டிஸ்க்ல அடுக்கற முறை) ஃபார்மேட் பண்ணும்போதே 16,384 பைட்டுக்கு ஒரு ஐநோடுன்னு கணக்கு போட்டுடும். 20 ஜிபி ரூட்ல சுமார் 13 லட்சம்தான், பிறகு கூட்ட முடியாது. பார்ட்டிஷனைப் பெருசாக்கினாத்தான் கூடும். ஏலக்கா கடை பில்லிங் மெஷின்ல பழைய செஷன் ஃபைல் லட்சக்கணக்குல குவிஞ்சா இதுதான் நடக்கும். 'சுடூ டியூ --ஐநோட்ஸ் -எக்ஸ் / | சார்ட் -என் | டெய்ல்' எந்த ஃபோல்டர்னு காட்டிடும். அவ்வளவு ஃபைலை 'ஆர்எம் *' அழிக்காது, பட்டியல் நீளம்னு நின்னுடும். 'ஃபைண்ட்' கட்டளையில '-டைப் எஃப் -எம்டைம் +30 -டிலீட்' போடுங்க. '-டிலீட்' கடைசியாத்தான் வரணும். முன்னாடி வந்தா எல்லாமே போயிடும்.

கோவிந்தாபுரம்:
பெரிய லாகை அழிச்சும் இடம் திரும்பலைன்னா ஏதோ ஒரு புரோகிராம் அதை இன்னும் திறந்து வெச்சிருக்கு. 'சுடூ எல்எஸ்ஓஎஃப் +எல்1'ல பேரு தெரியும், அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணினாப் போதும். இன்னொண்ணு: எக்ஸ்ட்4 ரூட் யூசருக்குன்னு (அட்மின் கணக்கு) 5% ஒதுக்கி வைக்கும். 1 டிபி டேட்டா டிஸ்க்ல அது 46 ஜிபி! 'சுடூ டியூன்2எஃப்எஸ் -எம் 1' போட்டுக் குறைக்கலாம். சிஸ்டம் இருக்கற பார்ட்டிஷன்ல மட்டும் வேண்டாம், டிஸ்க் நிறைஞ்ச அன்னிக்கு ரூட் யூசருக்கு அந்த இடம்தான் கை கொடுக்கும்.

கம்பம்மெட்டு:
மேல சொன்ன எல்லாம் பார்த்தும் பத்தலைன்னாத்தான் ஜிபார்ட்டட், அதாவது பார்ட்டிஷன் அளவை மாத்தற புரோகிராம். லைவ் யுஎஸ்பில பூட் பண்ணுங்க. எக்ஸ்ட்4-ஐ மவுண்ட்ல (சிஸ்டம் அதைப் பயன்படுத்திட்டு) இருக்கும்போது சுருக்க முடியாது. ரூட்டுக்கு அடுத்து ஹோம் (யூசர்களோட ஃபைல் இருக்கற இடம்) இருந்தா, ரூட்டைப் பெருசாக்க ஹோமோட தொடக்கத்தையே நகர்த்தணும். அதாவது உள்ள இருக்கற டேட்டா முழுக்க இடம் மாறும், மணிக்கணக்கா ஆகும். எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில நடுவுல கரண்ட் போனா ஹோம் போச்சு. பேக்கப் எடுத்து, பேட்டரி நிறைஞ்ச லேப்டாப்னாலும் சார்ஜரோட செய்யுங்க. கையால செய்யறவங்க வரிசை மாத்தாதீங்க: சுருக்கும்போது முதல்ல ஃபைல் சிஸ்டம், பிறகு பார்ட்டிஷன். பெருசாக்கும்போது நேர் எதிர்.

கொழிஞ்சாம்பாறை:
ஹோம் தனிப் பார்ட்டிஷனா இருந்தா லேப் பிள்ளைங்களுக்கு கோட்டா (ஆளுக்கு இவ்வளவு இடம்னு வரம்பு) வெச்சிடலாம். எஃப்எஸ்டேப்ல (பார்ட்டிஷன்களை மவுண்ட் பண்ற பட்டியல் ஃபைல்) ஹோம் வரியில 'யூஎஸ்ஆர்கோட்டா' சேர்த்து ரீமவுண்ட், 'கோட்டாசெக் -சியூஎம்', 'கோட்டாஆன்'. 'செட்கோட்டா'ல எண்ணை கிலோபைட்ல கொடுக்கணும்: 2 ஜிபி சாஃப்ட்னா 2097152. சாஃப்ட் தாண்டினா 7 நாள் அவகாசம் உண்டு, ஹார்டு லிமிட்ல உடனே நின்னுடும்.