புதுப்பிப்பு: நண்டு நெபுலா பல்சரின் காந்தப்புலம் 3,162 மடங்கு அதிகமாக வந்த கணக்கு

நண்டு நெபுலாவில் உள்ள பல்சரின் (வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்) காந்தப்புலத்தை, அதன் சுழற்சி மெல்லக் குறைவதை வைத்துக் கணக்கிட்டேன்; ஏன் 3,162 மடங்கு அதிகமாக வருகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி. விடை கிடைத்துவிட்டது: "அலகு முறையைப் பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி.

சுழற்சிக் காலம் 0.0334 நொடி, அது நீளும் வீதம் 4.2×10⁻¹³, ஆரம் 10 கி.மீ., நிலைமத் திருப்புத்திறன் 10³⁸ கி.கி.மீ². இந்த எஸ்.ஐ. (மீட்டர், கிலோகிராம், நொடி) மதிப்புகளை காஸியன் முறை (சென்டிமீட்டர், கிராம், நொடி) சூத்திரத்தில் போட்டதால் 1.2×10¹² என்று வந்தது. அதை டெஸ்லா என்று எழுதியதுதான் பிழை. இருமுனைக் கதிர்வீச்சுச் சூத்திரத்தை (சுழலும் காந்தம் கதிர்வீச்சாக ஆற்றலை இழப்பதைக் கணக்கிடுவது) எஸ்.ஐ.யில் எழுதினால், புலம் √(μ₀/4π), அதாவது 3.16×10⁻⁴ ஆல் பெருக்கப்படும் (μ₀ என்பது வெற்றிடத்தின் காந்த உட்புகுதிறன்). இப்போது 3.8×10⁸ டெஸ்லா (3.8×10¹² காஸ்).

எதிர்பாராத ஒன்று: சில நூல்களில் இதன் இருமடங்கு இருக்கும். அது காந்தத் துருவத்தில் உள்ள புலம். நம்முடையது காந்த நடுக்கோட்டில் உள்ள புலம். இரண்டும் சரிதான்.

சுழற்சிக் காலத்தை, அது நீளும் வீதத்தின் இருமடங்கால் வகுத்தால் பல்சரின் வயது ஏறத்தாழ 1,260 ஆண்டு வருகிறது. அதை உருவாக்கிய விண்மீன் வெடிப்பு தெரிந்ததோ 1054-இல். இதை அலகுப் பிழை என்று தேடாதீர்கள். பிறந்தபோது சுழற்சிக் காலம் இப்போதையதைவிட மிகச் சிறியது என்று அந்த வகுத்தல் எடுத்துக்கொள்கிறது; இந்தப் பல்சருக்கு அது பொருந்தவில்லை.