டிபிஎம்ஐபி போட்ட பிறகும் ஆக்சிஜன் திரும்ப ஏறுகிறது (சினெகோசிஸ்டிஸ் 6803)

மூன்று வாரமாக இதிலேயே நிற்கிறோம். ஒளிச்சேர்க்கையில் ஒளியமைப்பு 2-இலிருந்து ஒளியமைப்பு 1-க்கு எலக்ட்ரான் போகும் வழியில் உள்ள சைட்டோக்ரோம் பி6எஃப்-ஐத் தடுக்க, அதன் தடுப்பானான டிபிஎம்ஐபி-யை 10 மைக்ரோமோலார் சேர்த்ததும், கிளார்க் எலக்ட்ரோடில் (ஆக்சிஜன் அளக்கும் கருவி) ஆக்சிஜன் கோடு ஒரு நிமிடத்துக்குள் படுத்துவிடுகிறது. நாலைந்து நிமிடத்தில் மெல்ல நிமிர்ந்து, பழைய வேகத்தில் பாதிக்கு வந்துவிடுகிறது.

சினெகோசிஸ்டிஸ் பிசிசி 6803 (ஒரு சயனோபாக்டீரியா), பிஜி-11 வளர்ப்பு ஊடகம், 30 டிகிரி. 730 நானோமீட்டரில் ஓடி (ஒளி அடர்த்தி) 0.8 வந்ததும் எடுத்து, மில்லிக்கு 5 மைக்ரோகிராம் குளோரோஃபில் அளவுக்குச் சரிசெய்து, 10 மில்லிமோலார் சோடியம் பைகார்பனேட் சேர்க்கிறோம். 3 நிமிடம் இருட்டு, பிறகு ஒளி.

எலக்ட்ரோடில் கோளாறு இல்லை. ஒளியமைப்பு 2-ஐத் தடுக்கும் டிசிஎம்யு 10 மைக்ரோமோலார் போட்டால் ஆக்சிஜன் வெளியீடு முழுசாக நின்று, அப்படியே நிற்கிறது. டிபிஎம்ஐபி-க்குப் பின் ஏறிய கோட்டின் மேல் டிசிஎம்யு விட்டாலும் உடனே நிற்கிறது. ஆக, ஏறுவது ஒளியமைப்பு 2-இன் ஆக்சிஜன்தான். கரைப்பானான எத்தனால் மட்டும் விட்ட கட்டுப்பாட்டில் மாற்றமில்லை. டிஎம்எஸ்ஓ-வில் புதுக் கரைசல், பழுப்புக் குப்பி, ஐஸ் எல்லாம் பார்த்தாயிற்று. 20 மைக்ரோமோலாரில் தடை கொஞ்சம் நீள்கிறது, ஆனால் செறிவு கூடினால் டிபிஎம்ஐபி தானே ஒளியமைப்பு 2-இடமிருந்து எலக்ட்ரானை வாங்கத் தொடங்கும். அந்த அளவீட்டை நம்ப முடியாது. எலக்ட்ரானை வாங்கும் பொட்டாசியம் ஃபெரிசயனைடு சேர்த்தபோது ஏற்றம் இன்னும் கூடியது.

செல்லுக்குள் இருக்கும் குளூட்டாதயோன் போன்ற தயோல்கள் (கந்தகமுள்ள சேர்மங்கள்) டிபிஎம்ஐபி-யை ஒடுக்கிச் செயலிழக்கச் செய்கின்றன என்றே தோன்றுகிறது. அதனால் பி6எஃப்-ஐத் தடுக்கும் இன்னொரு சேர்மமான டிஎன்பி-ஐஎன்டி-க்கு மாற நினைக்கிறோம்.

6803-இன் முழுச் செல்களில் டிஎன்பி-ஐஎன்டி போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: எந்தச் செறிவில், இருட்டில் எத்தனை நிமிடம் வைத்தால் தடை 10 நிமிடமாவது தாங்குகிறது?