இருபதாயிரத்துக்குள் பிள்ளைகளுக்கு லேப்டாப்: புதுசா, கம்பெனியில் கழித்ததா?

முள்ளியாறு (திருத்துறைப்பூண்டி)

வணக்கம். பொண்ணு எட்டாவது, பையன் பதினொன்றாவதில் கணினி அறிவியல் குரூப். ரெண்டு பேருக்கும் சேர்த்து வீட்டுக்கு ஒரே லேப்டாப். கையில் 20,000 ரூபாய், தம் கட்டினால் 22,000. பாடநூல் பிடிஎஃப், கல்வி டிவி வீடியோ, பள்ளி வாட்ஸ்அப்பில் வரும் வினாத்தாள், தமிழில் கட்டுரை தட்டச்சு, இந்த வருஷம் சி++, அடுத்த வருஷம் பைத்தானும் மை எஸ்கியூஎல்லும். வேலை இவ்வளவுதான், கேம் கிடையாது. கடையில் புது செலரான் என்4020 (மலிவு வகைப் பிராசசர்), 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ் காட்டுகிறார்கள். ஏறக்குறைய அதே விலைக்குக் கம்பெனியில் ஓட்டிக் கழித்த லெனோவா திங்க்பேட் டி480-ம் கிடைக்கிறது. எதை எடுப்பது? ஐப்பசி கார்த்திகையில் இங்கே கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

அரசலாறு (கும்பகோணம்)

அக்கா, அந்த செலரானை மட்டும் வாங்கிடாதீங்க. பெட்டியில 64 ஜிபின்னு போட்டிருக்கும், விண்டோஸ்ல திறந்து பார்த்தா 60-க்குக் கீழதான் காட்டும். அதுல விண்டோஸ் 11 பாதியை எடுத்துக்கும். வருஷத்துக்கு ஒருதரம் வர்ற பெரிய அப்டேட்டுக்கு இறக்கி வைக்க, பிரிக்கன்னு இன்னும் இடம் வேணும். இடம் பத்தலைன்னா பாதியில நின்னு பழைய நிலைக்கே திரும்பிடும், கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் முதல்லேர்ந்து இறங்கும். மொபைல் டேட்டாவில் ஓட்டுற வீட்ல இது பெரிய நஷ்டம். அந்த ஸ்டோரேஜ் இஎம்எம்சி, அதாவது போர்டுலயே பற்றவெச்ச மெதுவான சிப். கழட்டிட்டுப் பெருசு போட வழியே இல்லை. ராமும் பெரும்பாலும் அப்படித்தான்.

4 ஜிபி ராம்ல பாடநூல் பிடிஎஃப் ஒண்ணு, பிரவுசர்ல நாலு டேப், வீடியோ ஒண்ணு திறந்தாலே ராம் நிரம்பி ஸ்டோரேஜைத் தொட ஆரம்பிச்சிடும். இஎம்எம்சி வேகத்துக்கு அது தாங்காது. மவுஸ் நகரும், எழுத்து விழாது. பிள்ளைங்க அதோடயே மல்லுக்கட்டி படிப்பை விட்டுடும்.

டி480-ல ஐ5-8250யு இல்ல 8350யு இருந்தா 4 கோர், 8 த்ரெட். ராமுக்கு ரெண்டு ஸ்லாட், எஸ்எஸ்டி (வேகமான ஸ்டோரேஜ்) கழட்டி மாத்தலாம், பேட்டரி ரெண்டு. வெளி பேட்டரியைக் கையாலேயே கழட்டி மாட்டலாம். உங்க பட்ஜெட்டுக்கு இதுக்கு மேல சரியானது கிடையாது.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

செலரான் வேண்டாம் என்பதில் அரசலாறு சொல்வதோடு நான் முழுதாக ஒத்துப்போகிறேன். ஆனால் அங்கிருந்து நேராகப் பழைய இயந்திரத்துக்குத் தாவுவதை ஏற்க முடியாது.

டி480 2018-இல் வந்த மாடல். இந்தப் பையன் கல்லூரி முடிக்க இன்னும் ஐந்தாறு ஆண்டு ஆகும். விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் வரிசையில் கடைசிப் படியில் நிற்பது 8-ஆம் தலைமுறை. அடுத்து வரும் விண்டோஸ் அதைக் கழற்றிவிடாது என்று யாரும் எழுதித் தரவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் நின்றதைப் பார்த்தோம்.

இரண்டாவது, உத்தரவாதம். புது இயந்திரத்துக்கு ஓர் ஆண்டு கம்பெனி வாரண்டி உண்டு. பழையதற்கு விற்பவரின் வாய்வார்த்தை. மூன்றாவது, யாரும் பேசாத விஷயம்: விசிறி. செலரான் வகைகளில் பலவற்றுக்கு விசிறியே கிடையாது. டி480 விசிறி வைத்துக் காற்றை இழுப்பது. அறுவடை நாளில் நெல் சுணை வீட்டுக்குள் பறக்கும் ஊரில் அது ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) இதழ்களில் போய் அடைத்துக்கொள்ளும். சூடு ஏறியதும் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

என் கருத்து: இன்னும் சில மாதம் சேர்த்து 30,000-க்கு மேல் போய்ப் ஐ3-1215யு பிராசசர் உள்ள புது லேப்டாப் எடுங்கள். ரைசன் 3 7320யு என்று காட்டினால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பிராசசர் எல்பிடிடிஆர்5 ராமோடு மட்டுமே வேலை செய்யும், அது போர்டில் பற்றவைத்தே வரும். 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.

அரசலாறு (கும்பகோணம்)

சார், 22,000-க்கு மேல முடியாதுன்னு அக்கா தெளிவா எழுதியிருக்காங்க. சில மாதம் சேர்க்கச் சொன்னா பையனோட பதினொன்னாவதே முடிஞ்சிடும். தவிர, ராம் விலை 2025 கடைசியிலேர்ந்து ஏறிக்கிடக்கு, புது லேப்டாப் விலையும் கூடவே ஏறுது. காத்திருந்தா மலிவாகும்னு இப்போ நம்ப முடியாது.

சுணை அடைக்கும்ங்கறது நிஜம். ஆனா அடிமூடியைத் திறந்து, விசிறி சுத்தாம விரலால பிடிச்சுக்கிட்டு, சின்ன பிரஷ்ஷால தட்டி எடுத்தா போதும். பொங்கல் அறுவடை முடிஞ்சதும் ஒருதரம், குறுவை முடிஞ்சதும் ஒருதரம். நின்னு போன இஎம்எம்சிக்கு அப்படி ஒரு வைத்தியம் இல்லை.

விற்கிறவரோட வாய்வார்த்தையை நம்ப வேணாம், மெஷினையே கேளுங்க. கடையில நின்னு பார்க்க வேண்டியது இது:

முதல்ல பிராசசர். மாடல் பேரை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. டி480, டெல் லேட்டிட்யூட் 5490, எச்பி எலைட்புக் 840 ஜி5 மூணுமே ஐ5-7300யு மாதிரி 7-ஆம் தலைமுறையிலும் வந்திருக்கு. அது 2 கோர்தான், விண்டோஸ் 11-க்கு அதிகாரப்பூர்வ ஆதரவும் இல்லை. செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் போனா எண் தெரியும். ஐ5-க்குப் பின்னாடி 8-ல ஆரம்பிக்கணும்.

அடுத்து பயாஸ், அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற அடிப்படை செட்டிங்ஸ். ஆன் பண்ணதும் திங்க்பேடுல எஃப்1, டெல்லுல எஃப்2, எச்பியில எஃப்10. பாஸ்வேர்டு கேட்டா அங்கேயே வெச்சுட்டு வந்துடுங்க. திங்க்பேட் சூப்பர்வைசர் பாஸ்வேர்டை எடுக்க போர்டுல கைவைக்கணும். உள்ளே செக்யூரிட்டி பக்கத்துல ஆப்சொல்யூட் இல்ல கம்ப்யூட்ரேஸ்னு (தொலைஞ்ச மெஷினைத் தேடிப் பூட்டுற ஏற்பாடு) ஒரு வரி இருக்கும், அது ஆக்டிவேட் ஆன நிலையில இருக்கக் கூடாது.

முக்கியமானது இது: கடைக்காரர்கிட்ட விண்டோஸை ரீசெட் போடச் சொல்லி, முதல்முறை செட்டப் வரும்போது உங்க போன் ஹாட்ஸ்பாட்டோட இணைங்க. ஏதாவது கம்பெனி பேர் போட்டு ஆபீஸ் மெயில் ஐடி கேட்டா அந்த மெஷின் இன்னும் அந்தக் கம்பெனியோட பதிவுல இருக்கு. நெட் இல்லாம செட்டப் முடிச்சுக் காட்டினா இது வெளியவே வராது. வீட்டுக்கு வந்து எப்பவோ ரீசெட் போடும்போது மாட்டிக்கும்.

பேட்டரிக்கு: கமாண்ட் ப்ராம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, முன்சாய்வுக் கோடு, பேட்டரிரிப்போர்ட்னு ஆங்கிலத்துல அடிங்க. ஒரு ஃபைல் உருவாகும். அதுல டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி ரெண்டும் இருக்கும். டி480-ல உள்பேட்டரி 24 வாட்-மணி. அது 14-க்குக் கீழ இறங்கியிருந்தா பேட்டரி விலையைக் குறைச்சுப் பேசுங்க. டச்பேட் மேல தூக்கிட்டு இருந்தாலோ, சமமான மேசையில வெச்சா ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கு. அதை விலை குறைச்சுக்கூட வாங்காதீங்க.

கோடியக்கரைக் காற்று (வேதாரண்யம்)

இருவருமே லேப்டாப் என்று முடிவு கட்டிப் பேசுகிறீர்கள். வீட்டுக்கு ஒன்று, ரெண்டு பிள்ளை, இடம் மாற்றத் தேவையில்லை. அப்படியென்றால் பழைய மினி பிசி (கையடக்கமான சின்ன டெஸ்க்டாப்) தான் சரி. டெல் ஆப்டிப்ளெக்ஸ் 3060 மைக்ரோ, 8-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி. கூட ஒரு பழைய 22 அங்குல மானிட்டர். எல்லாம் சேர்த்து இதே பட்ஜெட்டில் அடங்கும். கீபோர்டில் டீ கொட்டினால் ஐந்நூறு ரூபாய்க்குள் புது கீபோர்டு. லேப்டாப்பில் கொட்டினால் போர்டே போகும். திரை கண் மட்டத்தில் நிற்பதால் பிள்ளை கழுத்தை வளைத்து உட்கார வேண்டியதில்லை. எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எங்கள் பக்கம் உப்புக் காற்று. யுஎஸ்பி வாய், ராம் முனை எல்லாம் பூத்துப் போகும். மினி பிசியை ஒரு ஸ்க்ரூவில் திறந்து ராமைக் கழற்றி, வெள்ளை அழிப்பானால் முனையைத் தேய்த்துத் திரும்ப மாட்டலாம். லேப்டாப்பில் அதே வேலைக்குப் பத்து ஸ்க்ரூ, கூடவே உடைந்து போகும் பிளாஸ்டிக் கொக்கிகள்.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

கரண்ட் போனால் மினி பிசி அந்த நொடியே அணையும். இதற்கு என்ன பதில்?

கோடியக்கரைக் காற்று (வேதாரண்யம்)

600 விஏ யுபிஎஸ் (கரண்ட் போனதும் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி). மினி பிசியும் மானிட்டரும் சேர்ந்து சாதாரண வேலைக்கு 50 வாட் அளவில்தான் இழுக்கும், சேமித்து மூட நேரம் தாராளம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பின்பக்கம் உள்ள சுவிட்சை யுபிஎஸ் நிலையில் வையுங்கள், கணினி அணையாமல் மாறும்.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்த பிறகு ஊர் ஊராக வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதற்கு எந்த லேப்டாப் பேட்டரியும் தாங்காது. நாம் கணக்குப் போட வேண்டியது சாதாரண நாளில் போகும் அரைமணி, ஒருமணிக்குத்தான்.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

அந்த சுவிட்சில்தான் சிக்கல். யுபிஎஸ் நிலையில் இன்வெர்ட்டர் 180 வோல்ட்டுக்குக் கீழே வந்த கரண்டைக் கரண்டாகவே எடுத்துக்கொள்ளாது, உடனே பேட்டரிக்கு மாறிவிடும். பம்ப்செட் ஓடும் நேரத்தில் டெல்டா கிராமங்களில் வோல்ட்டேஜ் அதற்கும் கீழே போவது சாதாரணம். கரண்ட் இருந்தும் இன்வெர்ட்டர் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். லேப்டாப் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கும், லோ வோல்ட்டேஜை அது கண்டுகொள்ளாது. இந்த ஒரு காரணத்துக்காகவே கிராமத்து வீட்டுக்கு நான் லேப்டாப் பக்கம் நிற்கிறேன்.

அரசலாறு (கும்பகோணம்)

இதுல சார் சொல்றதுதான் சரி. இன்னொண்ணும் இருக்கு: டி480 யுஎஸ்பி-சி வழியா சார்ஜ் ஆகும். 65 வாட் பிடி (யுஎஸ்பி-சி வேக சார்ஜ் முறை) கார் சார்ஜர் வெச்சு 12 வோல்ட் பேட்டரியிலேர்ந்தே ஏத்தலாம். நீண்ட பவர்கட்டுல இது பெரிய உதவி.

மன்னை நூலகம் (மன்னார்குடி)

எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பள்ளிகளில் சுற்றும் வினாத்தாள்களில் நிறைய இன்னும் வானவில், பாமினி போன்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த வேர்டு ஃபைல்கள். அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். விண்டோஸில் எழுத்துரு ஃபைலை வலது கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் தீர்ந்தது. லினக்ஸ் மின்ட்டிலும் (இலவச இயங்குதளம்) எழுத்துருவைப் போட்டுக்கொள்ளலாம். குரோம்புக்கில் (கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் லேப்டாப்) இது இவ்வளவு எளிதாக நடக்காது. யாராவது மலிவு என்று குரோம்புக்கைக் காட்டினால் இதை நினைவில் வையுங்கள்.

தட்டச்சுக்கு யூனிகோடும் (எல்லாக் கணினியிலும் தெரியும் எழுத்துக் குறியீடு) தமிழ்99-ம் (தமிழ் விசைப்பலகை அமைப்பு) மட்டும் பழக்குங்கள். செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, கீபோர்டில் தமிழ் 99 என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெண் எட்டாவதிலேயே பழகிவிட்டால் எந்தக் கணினிக்குப் போனாலும் கை நிற்காது.

முள்ளியாறு (திருத்துறைப்பூண்டி)

எல்லோருக்கும் நன்றி. எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஃபேன், லைட்டுக்கே சரியாக இருக்கிறது. அதனால் லேப்டாப் என்று முடிவு. கடையில் இன்று ரெண்டு காட்டினார்கள். லேட்டிட்யூட் 5490, ஐ5-7300யு, 16 ஜிபி ராம், 16,500. டி480, ஐ5-8350யு, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி, 19,500. ராம் கூட இருப்பதால் டெல்லையே எடுக்கலாமா? இன்னொன்று, டி480-ஐத் தொட்டால் விரல் நுனியில் லேசாக விறுவிறு என்கிறது.

கோடியக்கரைக் காற்று (வேதாரண்யம்)

விறுவிறு என்பது எர்த் இல்லாத பிளக். அடாப்டர் மூன்று முள்ளாக இருந்தாலும் சுவர் சாக்கெட்டில் எர்த் ஒயர் இல்லையென்றால் அந்த மெல்லிய கசிவு உடலுக்கு வரும். லேப்டாப்பின் குறை இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓடும்போது தொட்டுப் பாருங்கள், இருக்காது. வீட்டில் பிள்ளைகள் உட்காரும் சாக்கெட்டுக்கு எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய ஓட்டு வீடுகளில் பெரும்பாலும் இருக்காது.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

பழையதுதான் என்றால் டி480. 7300யு-வில் விண்டோஸ் 10-ஐப் பாதுகாப்பு நீட்டிப்போடு (ஆதரவு நின்ற பிறகும் வரும் பாதுகாப்பு அப்டேட்) ஓட்டினாலும் 2026 அக்டோபர் 13 வரைதான். பில்லில் சீரியல் எண்ணைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள், குறைந்தது ஆறு மாத உத்தரவாதத்தோடு. புதியது வாங்குவதே நல்லது என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

அரசலாறு (கும்பகோணம்)

ஆமாக்கா, டி480-யே எடுங்க. 8 ஜிபி இப்போதைக்குப் போதும், ரெண்டாவது ஸ்லாட் காலியான்னு மட்டும் பாருங்க. ராம் விலை இறங்கினதும் இன்னொரு 8 போட்டுக்கலாம். திரை 1920-க்கு 1080-ஆன்னு பாருங்க, 1366-க்கு 768-ல பாடநூல் பக்கம் படிக்கக் கண் வலிக்கும்.

சார்ஜர் முனையை யுஎஸ்பி-சி வாய்ல சொருகி லேசா மேலயும் கீழயும் அசைச்சுப் பாருங்க. சார்ஜ் விளக்கு அணைஞ்சு அணைஞ்சு வந்தா வாய் தளர்ந்திருக்கு, வேற பீஸ் கேளுங்க. வாங்கி வந்த அன்னிக்கே லெனோவா வான்டேஜ் (லெனோவாவோட அப்டேட் ஆப்) போட்டு, யுஎஸ்பி-சி வாயை இயக்குற தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் அப்டேட்டை முடிச்சிடுங்க. அந்த வருஷத்து திங்க்பேடுகள்ல பழைய ஃபர்ம்வேர் அப்படியே இருந்தா யுஎஸ்பி-சி ஒருநாள் வேலை செய்யாம போகும், டி480-க்கு சார்ஜ் ஏற வேற வாய் கிடையாது. அப்டேட் ஓடும்போது அடாப்டர் மாட்டியே இருக்கணும், பேட்டரியும் பாதிக்கு மேல இருக்கணும். கரண்ட் போனாலும் பாதியில நிக்காது.

கடைசியா விண்டோஸ் கீயையும் ஆர்-ஐயும் சேர்த்து அழுத்தி, எஸ்எல்எம்ஜிஆர், இடைவெளி, முன்சாய்வுக் கோடு, எக்ஸ்பிஆர்னு அடிங்க. நிரந்தரமா ஆக்டிவேட் ஆயிருக்குன்னு வரணும். ஒரு காலாவதி தேதி காட்டினா கடைக்காரர் போட்டது 180 நாள் தாங்குற ஏற்பாடு. இந்த மெஷின்கள்ல விண்டோஸ் ப்ரோ உரிமம் பெரும்பாலும் போர்டுலயே இருக்கும், சுத்தமா திரும்பப் போடச் சொன்னா அதுவே எடுத்துக்கும். காசு கேட்டா கொடுக்காதீங்க.