அம்மாவின் பாதங்களை நம்பி ஒப்படைக்க ஒருவர் தேவை

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் என் அம்மாவுக்கு 68 வயது. 20 வருடமாக நீரிழிவு. இரவில் பாதம் எரிந்து தூக்கமே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா ரிஃப்ளெக்ஸாலஜி, அதாவது உடலுறுப்புகளோடு தொடர்புடையவை என்று சொல்லப்படும் பாதத்தின் புள்ளிகளை அழுத்திவிடும் முறை, செய்து பார்க்கச் சொன்னார்.

தேடி வாசித்தேன். உடம்பை 10 மண்டலங்களாகப் பிரித்தவர் அமெரிக்க வைத்தியர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட். 1930களில் யூனிஸ் இங்ஹாம் அதைப் பாதத்தின் வரைபடமாக்கினார்: பெருவிரல் தலைக்கு, பாதத்தின் உள்விளிம்பு முதுகெலும்புக்கு. இந்தத் தொடர்பு மருத்துவ ரீதியாக நிறுவப்படவில்லை. நோய் மாறும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அம்மா கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினால் போதும்.

என் பயம் வேறு. அவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது. போன மாதம் இதைச் செய்யும் ஓர் இடத்தில் மரக்கட்டையால் அழுத்தித் தோல் உரிந்துவிட்டது. காயம்பட்டதே அவருக்குத் தெரியவில்லை. நீரிழிவுக் காலில் சிறு புண்ணும் பெரிய ஆபத்து. புண் ஆறிவிட்டது, இனி கையால் மென்மையாகச் செய்யலாம் என்கிறார் கிளினிக் வைத்தியர்.

தெஹிவளை வரையில், முறையாகப் பயின்ற, தொடுவதற்கு முன் பாதத்தைப் பார்த்து விசாரிக்கிற பெண் யாரையாவது அறிவீர்களா? வீட்டுக்கு வருவாரா, எவ்வளவு எடுப்பார்? எங்களுடையது லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி. தமிழ் பேசுபவர் என்றால் அம்மா தயங்காமல் சொல்வார்.